அங்க ஆர் இருக்கினம்?

1

என் மகளின் அறையில் இன்று ஒரு ஸ்கொட்லாந்துப் பெடியன் நித்திரை கொள்கிறான். மகள் ஸ்கொட்லாந்தில் இருக்கிறாள். ஊரிலிருந்து இதை வாசிக்கிற சொந்தக்காரர்கள் உடனே தொலைபேசியைத் தூக்கவேண்டாம். முழுவதையும் வாசித்து முடித்துவிட்டு எடுங்கள். நீங்கள் நினைப்பது மாதிரி ஒன்றுமில்லை. நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் உங்களில் ஒருவன்தான்.

பெடியனுக்குப் பெயர் கேலம். இருபது வயதிருக்கும். கட்டிலைவிட ஆள் நீளம், இரண்டு பாதமும் வெளியே நிற்கின்றன. கிரிஃபித் பக்கம் ஒரு தோட்டத்தில் தோடம்பழம் பிடுங்கிக்கொண்டிருந்தவன், நேற்றுத்தான் சிட்னிக்கு வந்து சேர்ந்தான். இந்த நாட்டு ஜூலைக் குளிரில் விடியற்காலையில் ஏணியில் நின்று நின்று தடிமனும் இருமலும் பிடித்துவிட்டது. என் மனைவி வதனி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். இது என்ன தேத்தண்ணி என்று கேட்டான். ஒரு மிடறு குடித்தான், கண்ணை இறுக்கி மூடித் திறந்தான், பிறகு மரியாதைக்காக மிச்சத்தையும் குடித்து முடித்தான். எனக்கு அந்த மரியாதை பிடித்துக்கொண்டது.

இவன் இங்கே வந்த கதையைச் சொல்வதென்றால் முதலில் மகள் அங்கே போன கதையைச் சொல்லவேண்டும்.

2

போன வருட முடிவில் ஆரபி எச்.எஸ்.சி. எழுதி முடித்தாள். எங்கள் ஏ.எல். மாதிரி இங்கே அது, பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனை. சோதனை மறுமொழி வந்து, அவள் கேட்ட படிப்பே பல்கலைக்கழகத்தில் கிடைத்து, நானும் வதனியும் மேய்ஸ் ஹில் முருகனுக்கு ஒரு அர்ச்சனையும் செய்துவிட்டு வந்து நிம்மதியாக இருந்த நேரம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில், தனக்குக் கிடைத்த இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்கச் சொல்லி எழுதிவிட்டதாகவும் பல்கலைக்கழகமும் சரியென்று பதில் போட்டுவிட்டதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டுச் சோற்றுக்குத் தயிர் விட்டாள்.

கப் இயர் என்று இங்கே இதற்குப் பெயர். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு உலகத்தைப் பார்க்கப் போகும். போகிற நாட்டில் ஏதாவது வேலை செய்து, அந்தக் காசில் சுற்றிப் பார்த்து, அடுத்த வருடம் திரும்பி வந்து படிக்கும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் செய்கிற அலுவல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் வேலையிடத்தில், லிட்கமில் உள்ள மருந்துக் களஞ்சியத்தில், எங்களை மேய்க்கிற போர்மனின் மகன் இப்படிப் போய்க் கனடாவில் பனிச்சறுக்கு விடுதியொன்றில் பாத்திரம் கழுவினான். அந்தாள் அதைப் பெரிய பெருமையாகச் சொல்லித் திரிந்தார். இங்கேயும் வீட்டில் பாத்திரம் இருக்கத்தானே செய்கிறது என்று நான் மனதுக்குள் நினைத்தேன்.

ஆரபி எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். பிரித்தானியாவில் அவுஸ்திரேலிய இளம் ஆட்களுக்கு வேலை செய்ய ஒரு விசா இருக்கிறதாம். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஹோட்டல், கோடை காலத்துக்கு ஆள் எடுக்கிறதாம். இன்டர்நெட்டில் கண்டு எழுதிப்போட்டு, கணினியில் முகம் பார்த்துக் கதைத்து, வேலையும் கிடைத்துவிட்டதாம். அறைகள் துப்புரவாக்குவது, மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோவது, பின்னேரத்தில் பாரில் நிற்பது. பார் என்ற சொல்லில் வதனி கரண்டியைக் கீழே வைத்தாள்.

அந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன் கேட்கவேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. ஏன் போகிறாய், படிப்பில் ஆர்வம் போய்விடாதா, பாரில் நிற்கத்தான் வேண்டுமா. என் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, அப்பா," என்றாள் ஆரபி. வழக்கமாக நாங்கள் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள். "அதுக்காகத்தான் அங்க போறன்."

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று வதனி முணுமுணுத்தாள். ஒரு வருடம் விட்ட படிப்பு விட்டதுதான் என்பது அவளுடைய பயம். என்னுடைய பயம் வேறு.

3

எங்களுக்கு உலகப்படம் நாடுகளால் ஆனது அல்ல. ஆட்களால் ஆனது. லண்டன் என்றால் ஹரோவில் என் மச்சான் குகன். கனடா என்றால் வதனியின் தமையன். சுவிஸ், பாரிஸ், நோர்வே எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு முகம் இருக்கிறது. முகம் இல்லாத நாடு எங்களுக்குக் கடல் மாதிரி. யாராவது ஒரு ஊருக்குப் போகிறேன் என்றால் எங்களுடைய ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, அங்க ஆர் இருக்கினம். அதற்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மிச்சக் கேள்வி இல்லை.

நானும் ஒரு காலத்தில் கப் இயர் எடுத்தவன்தான், நான் கேட்டு எடுக்கவில்லை. ஏ.எல். எழுதினேன், பல்கலைக்கழகம், எங்கள் பேச்சில் கம்பஸ், பூட்டிக்கிடந்தது. திறக்கும் என்றார்கள், காத்திருந்தேன். பிறகு சண்டை வந்தது, சந்தியால் போய்வரமுடியாத காலம் வந்தது. கடைசியில் கொழும்பில் ஒரு லொட்ஜில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அங்கே படுத்திருந்த எல்லாரும் சோதனை எழுதின பெடியள். எல்லாருடைய கையிலும் வருடங்கள் இருந்தன, செலவழிக்க ஒரு இடம்தான் இல்லை. நான் பிறகு படிக்கவே இல்லை. அதனால் ஒரு வருடம் சும்மா விடுகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அது திரும்பி வராத வருடமாகத்தான் என் காதில் விழும்.

சிட்னியில் வந்து இறங்கியபோது என் சட்டைப் பையில் ஒரு பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டும் இருந்தன. ஊரில் எங்களுக்கு மூன்று சந்து தள்ளி இருந்தவரின் பெறாமகனாம், சகோதரத்தின் பிள்ளை, முன்னே பின்னே கண்டதில்லை. அந்த மனிதன் விமான நிலையத்துக்கு வந்து, என்னை ஹோம்புஷ்சில் பெடியள் நெருக்கியடித்துப் படுத்த ஒரு பிளட்டுக்குக் கூட்டிப்போய், தன் போர்வையை எனக்குத் தந்துவிட்டுக் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார். அடுத்த கிழமை வேலைக்கும் சேர்த்துவிட்டார். அன்றைக்கு அங்கே ஒரு ஆள் இல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றுவரைக்கும் யோசித்துப் பார்க்கத் துணிவில்லை.

இதையெல்லாம் ஆரபிக்கு நான் சொன்னதுண்டு. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆனால் அப்பா, நான் தப்பி ஓடவில்லையே, சும்மா போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சும்மா போவது என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

4

விசா அலுவலைப் பார்த்துத்தான் நான் முதலில் கொஞ்சம் ஆடிப்போனேன். நான் விசாவுக்கு அலைந்தவன். தடித்த பைல், மொழிபெயர்த்த பிறப்புச் சாட்சிப் பத்திரம், முத்திரை, சத்தியக் கடதாசி, மூன்று தரம் திருப்பித் திருப்பி ஒரே கேள்வி கேட்கிற அதிகாரி, பொய் சொல்லாமலே பொய்க்காரன் மாதிரி வியர்ப்பது. ஆரபி கட்டிலில் குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு, கணினியில் விண்ணப்பத்தை நிரப்பினாள். நடுவில் குசினிக்கு வந்து பிஸ்கற் எடுத்துக்கொண்டு போனாள்.

விரல் அடையாளம் கொடுக்கிற அலுவலகத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். நல்ல சட்டை போட்டு, ஒரு பைல் நிறைய அவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ், பரதநாட்டியச் சான்றிதழ், என் சம்பளக் கடதாசி எல்லாம் கொண்டுபோனேன். உள்ளே போன பிள்ளை நான் கதிரையில் இருந்து நிமிர முன் வெளியே வந்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லையா என்றேன். இல்லையாம். ஹவ் எ குட் ட்ரிப் என்று சொன்னார்களாம். காரில் வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு அலுவலகம் என் பிள்ளையைப் பார்த்து நல்லாகப் போய்வா என்று சொல்லியிருக்கிறது. இதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம். அதே நேரம் ஒருவரும் கேட்காத அந்தப் பைல் பின்சீற்றில் பாரமாகவும் கிடந்தது.

கோயிலில்தான் கஷ்டம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வாசலில் செருப்புப் போடும்போது விசாரிப்புகள் வரும். மகளுக்கு என்ன படிப்புக் கிடைத்தது, எந்தக் கம்பஸ். ஒரு வருடம் பிந்திப் போகிறாள் என்று வதனி சொல்லுவாள். ஏன், மார்க்ஸ் காணாதோ என்று குரலைத் தணித்துக் கேட்பார்கள். மார்க்ஸ் தாராளம், பிள்ளை ஸ்கொட்லாந்து பார்க்கப் போகிறாள் என்று சொன்னால் முகத்தில் ஒரு இரக்கம் வரும். பிறகு அந்தக் கேள்வி வரும். அங்க ஆர் இருக்கினம்? ஒருவரும் இல்லை என்று நீயே சொல்லு என்கிற மாதிரி வதனி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் காரைத் தேடுவேன்.

அங்கே ஒரு ஆள் வேண்டும். பிள்ளைக்கு வேண்டாம் என்றால் எனக்காவது வேண்டும். இப்படித்தான் நான் குகனுக்கு அழைப்பு எடுத்தேன்.

5

நான் குகனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஹோட்டல் எப்படிப்பட்ட இடம் என்று அங்கே யாரிடமாவது மெல்ல விசாரித்துப் பார், பிள்ளைக்குத் தெரியக்கூடாது. அவ்வளவுதான். ஆனால் குகன் எங்களுடைய ஆள். மெல்ல என்ற சொல் எங்களுடைய பரம்பரையில் இல்லை.

அவன் நேரே அந்த ஹோட்டலுக்கே தொலைபேசி எடுத்துவிட்டான். தான் ஆரபியின் மாமன் என்று சொல்லி, பிள்ளைக்குத் தனி அறையா, கதவுக்குப் பூட்டு உண்டா, மாட்டிறைச்சி சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவீர்களா, இரவில் பாரில் எத்தனை மணிவரை நிற்கவிடுவீர்கள் என்று விசாரித்திருக்கிறான். அத்தோடு விட்டானா? பேர்மிங்ஹாமில் இருக்கிற தன் தங்கைக்குச் சொல்லியிருக்கிறான். பொம்பிளைப் பிள்ளை விஷயம், ஒரு பொம்பிளை கேட்டால்தான் சரி என்று அவளும் எடுத்தாள். அவள் கேட்ட கேள்விகளை வதனி இன்றுவரைக்கும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். மூன்றாவதாகக் குகனின் மாமனார், ஓய்வுபெற்ற அதிபர், அந்த ஹோட்டலின் பதிவு விபரங்களைத் தபாலில் அனுப்பிவைக்கும்படி சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டாராம். மூன்று பேரும் நல்ல மனதோடு செய்த காரியம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்தபோது ஆரபி சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். ஹோட்டல்காரி மொராக் என்ற அம்மா மரியாதையாகத்தான் எழுதியிருந்தா. நாங்கள் ஒரு சின்ன இடம், தன் சொந்த விருப்பத்தில் வருகிற ஆட்கள்தான் எங்களுக்குத் தேவை, உங்கள் குடும்பத்துக்கு இதில் சம்மதமில்லை என்று விளங்குகிறது, அதனால் இந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருக்கிறோம்.

ஆரபி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன்.

"அப்பா, நீங்கள் ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"குகன் மாமாவுக்கு மட்டும்தான்," என்றேன். அந்த மட்டும் என்ற சொல் மேசையில் விழுந்து கிடந்தது.

அவள் கணினியை மூடினாள். அன்றைக்கு ஹரிஸ் பார்க்கில் அவளுக்கு வேலை, ஒரு இனிப்புக் கடையில் பகுதிநேரமாக நின்றாள், பயணக் காசுக்காக. சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போக இடமில்லாமல் போனபிறகும் போகச் சேர்க்கிற காசுக்கு நேரம் தவறாமல் வேலைக்குப் போகிற ஒரு பிள்ளை.

நான் நினைத்தது நடந்துவிட்டது, பிள்ளை போகப்போவதில்லை. ஒரு தகப்பன் சந்தோசப்பட்டிருக்கவேண்டும். எனக்கு லொட்ஜில் படுத்திருந்த பெடியள்தான் ஞாபகம் வந்தார்கள். யாரோ எங்கேயோ எடுக்கிற முடிவுக்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எப்படியென்று எனக்குத் தெரியும். அதை என் பிள்ளைக்கு நானே செய்திருக்கிறேன்.

6

ரெண்டு நாள் வீட்டில் கதையில்லை. மூன்றாம் நாள் வதனிதான் வாய் திறந்தாள். பாருக்குப் பயந்தவள், கஞ்சி ஆறிவிடும் என்று முணுமுணுத்தவள்.

"உந்த வாயாலதானே கெட்டது. உந்த வாயாலயே கதைச்சுப் பாருங்கோ. ஒளிச்சு இல்லை, பிள்ளைக்கு முன்னால."

ஆரபியிடம் போய் நான் அந்த அம்மாவுடன் கதைக்கட்டுமா என்று கேட்டேன். இன்னொரு அழைப்பா என்கிற மாதிரிப் பார்த்தாள். என்ன கதைக்கப்போகிறீர்கள் என்றாள். பிழை என்னுடையது என்று சொல்லப்போகிறேன் என்றேன். தொலைபேசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு எனக்கு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

என் ஆங்கிலம் களஞ்சியத்து ஆங்கிலம். பெட்டி எங்கே, லொறி எப்போ, அதற்கு மிஞ்சிப் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. தொலைபேசியில் அந்தப் பக்கத்து ஆங்கிலம் அதைவிட மோசம், மொராக் அம்மா சொன்னதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. நான் ஆரபியின் தகப்பன், உங்களை அழைக்கிற நாலாவது ஆள், கடைசி ஆளும் நான்தான் என்று தொடங்கினேன். மறுபக்கத்தில் மெல்லிய ஒரு சிரிப்புக் கேட்டது மாதிரி இருந்தது.

சொல்ல நினைத்ததை எல்லாம் சொன்னேனா தெரியாது. எங்களுடைய ஆட்கள் எங்கே போனாலும் அங்கே யாரும் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று பார்ப்போம், நாங்கள் ஓடி வந்த சனம், எங்களுக்கு அதுதான் காப்புறுதி என்றேன். என் மகளுக்கு அந்தப் பயம் இல்லை, அதற்காகத்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன், ஆனால் அவளுக்கு அது இல்லாமல் போனதை என்னால் தாங்கமுடியாமல் போய்விட்டது என்றேன். அது நான் யோசித்து வைத்திருந்த வசனம் இல்லை. ஆரபி நிமிர்ந்து பார்த்தாள்.

மொராக் அம்மா, தன் மகனும் உங்களுடைய நாட்டில்தான் நிற்கிறான் என்றா. ஒரு வருட விசாவில் தோட்டம் தோட்டமாக வேலை செய்துகொண்டு திரிகிறானாம். எந்த ஊர் என்று கேட்டால் பெயர் சொல்லுவானாம், படத்தில் தேடினால் அதைச் சுற்றி ஒன்றுமே இல்லையாம். மழை பெய்து வேலையில்லாத நாட்களில்தான் வீட்டுக்கு எடுப்பானாம், அங்கே மழையே பெய்வதில்லை போலிருக்கிறது என்றா. அதில் முறைப்பாடு இருந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் எனக்கு அந்தக் குரல் நல்லாய் விளங்கியது, உச்சரிப்பு பிடிபடாமலே விளங்கியது.

பிறகு, உங்கள் மகளைக் கதைக்கச் சொல்லுங்கள், உங்களோடு அல்ல அவளோடுதான் எனக்கு வேலை என்று சொன்னா. ஆரபி தொலைபேசியை வாங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். உடுப்புக் காயப்போடுகிற கம்பியைச் சுற்றிச் சுற்றி நடந்து நெடுநேரம் கதைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். வதனி முருகனுக்கு என்ன நேர்ந்தாள் என்று எனக்குச் சொல்லவில்லை.

உள்ளே வந்து, ஏப்ரலில் தொடக்கம் என்றாள். அத்தோடு ஒரு சட்டமும் போட்டாள். இனி ஒருவரும் அந்த ஹோட்டலுக்கு எடுக்கக்கூடாது. மாமா இல்லை, மாமி இல்லை, அதிபர் இல்லை. நீங்களும் இல்லை அப்பா. நானே எடுப்பேன், ஞாயிற்றுக்கிழமைகளில்.

நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

7

போகிற பிள்ளையிடம் சாமான் கொடுத்துவிடுவது எங்களுடைய இன்னொரு வழக்கம். வதனி மிளகாய்த்தூள், புட்டுமா, பருத்தித்துறை வடை, எலுமிச்சை ஊறுகாய் என்று மேசையில் பரப்பிவிட்டாள். ஆரபி பார்த்துக்கொண்டு நின்று மிளகாய்த்தூளை மட்டும் எடுத்துக் காலுறைக்குள் சுற்றி வைத்தாள். அது போதும் என்றாள். வதனிக்கு அதுவே பெரிய வெற்றி. விமான நிலையத்தில் எங்களைக் கட்டிப்பிடித்து, போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் பாய் என்றுதான் சொல்லும். போட்டு வாறன் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

குகனுக்கு விமானம் எப்போது வந்து இறங்குகிறது என்று நான் சொல்லவில்லை. அவன் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கிறானில்லை. காலப்போக்கில் ஆறும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தாள். முதல் மாதம் கால் நோகிறது என்றாள், மழை என்றாள், ஒரு நாள் அழுதாள் என்று நினைக்கிறேன், கேட்டதற்குத் தடிமன் என்றாள். நான் என்ன செய்ய? எடுத்து விசாரிக்க ஒரு ஆளும் இல்லை, எடுக்கவும் கூடாது. ஒரு கிழமை முழுக்கத் தொலைபேசியைப் பார்த்துப் பார்த்துத் திரிந்தேன். வதனி அதை என் கண்ணில் படாமல் அலுமாரிக்குள் வைத்தாள்.

பிறகு குரல் மாறத் தொடங்கியது. படகுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள், கதவில்லாத தேவாலயம் ஒன்றைப் பற்றிச் சொன்னாள், ஹோட்டல் குசினியில் தன் மிளகாய்த்தூளைப் போட்டு மீன் பொரித்ததில் சமையல்காரர் இன்னும் கேட்கிறார் என்று சொன்னாள். அதைவிட வேடிக்கை, எங்களோடு தமிழில் கதைக்கத் தொடங்கினாள். இங்கே பதினெட்டு வருடமாக நாங்கள் கெஞ்சியும் வராத தமிழ். அங்கே வேறு ஒருவருக்கும் விளங்காது, தனியாகக் கதைக்க வசதி என்றாள். காரணம் எதுவாக இருந்தால் என்ன.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கமான கதையெல்லாம் முடிந்து வைக்கப்போகும் நேரத்தில், அப்பா, கேலம் சிட்னிக்கு வாறான் என்றாள். எந்தக் கேலம்? மொராக்கின் மகனாம். அவன் ஹோட்டலுக்கு எடுத்தபோது இவள்தான் தொலைபேசியைத் தூக்கினாளாம். தாய் வெளியே போயிருந்தாவாம். பெடியன் இருமிக்கொண்டு கதைத்தானாம், சிட்னியில் மலிவாகத் தங்க இடமிருக்கிறதா, தனக்குச் சுகமில்லாததை அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றானாம். இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை.

"நான் எங்கட வீட்டை போகச் சொல்லீட்டன். பரமட்டா ஸ்டேஷனில நிப்பான். நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எங்களைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. எங்களுடைய ஆட்கள் காலம் காலமாக எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்திருந்தாள். நான் நேற்று வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கூட்டிவந்தேன். கடன்வாங்கின கோட்டோடு படியில் குந்திக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் வதனி போர்வைகளைக் கொண்டுவந்தாள், நான் இன்னும் ஒன்று கொண்டுவந்து போட்டேன்.

8

இதை எழுதத் தொடங்கியபோது நித்திரையிலிருந்த பெடியன் பின்னேரம் எழும்பிவிட்டான். முகம் தெளிந்திருந்தது. வதனி புட்டு அவித்து, மீன் குழம்பும் நல்ல உறைப்பான கட்டைச் சம்பலும் வைத்தாள். கரண்டி கொடுத்தும் வாங்கவில்லை, எங்களைப் பார்த்துக் கையால் குழைத்துச் சாப்பிட்டான். சம்பலுக்கு மூக்கால் தண்ணி ஓடியது, நிறுத்தவில்லை.

அம்மாவோடு எப்போது கதைத்தாய் என்று வதனி கேட்டாள். பெடியன் கூரையைப் பார்த்து யோசித்தான். இவ்வளவு யோசிக்கவேண்டியிருந்தால் போதும் என்று வதனி அலுமாரிக்குள்ளிருந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு வந்து அவனுக்கு முன்னால் வைத்தாள். கை முழுக்கச் சம்பல் என்பதால் அவன் இலக்கத்தைச் சொல்ல அவளே அழுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டுவிட்டாள். அங்கே அப்போது காலை.

மணி அடித்தது. ஒரு பெண் குரல் எடுத்தது. குட் மோர்னிங் என்று சொல்லி, ஹோட்டலின் பெயரைச் சொல்லி, நான் உங்களுக்கு என்ன உதவி செய்யலாம் என்று கேட்டது. அவசரமில்லாத, நிமிர்ந்து நிற்கிற ஒரு குரல். யாரோ வேலை தெரிந்த ஒரு பொம்பிளை என்று நினைத்தேன். அது என் பிள்ளை என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேலம் தன் பெயரைச் சொன்னதும் அந்தக் குரல் சிரித்து, உன் அம்மா மீன்காரரோடு வாசலில் நிற்கிறா, கூப்பிடுகிறேன் என்றது. பிறகு தமிழுக்கு மாறியது.

"அப்பா நிக்கிறீங்களோ?"

"நான் எடுக்கேல்லை, பிள்ளை," என்றேன் அவசரமாக. "அவன்தான் எடுத்தவன்."

"தெரியும், தெரியும். அவன் சாப்பிட்டவனோ? தனி அறைதானே குடுத்தனீங்கள்? போர்வை காணுமோ? காய்ச்சல் இருக்கோ எண்டு அம்மாவைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்கோ."

குகன் கேட்ட கேள்விகளில் பூட்டும் மாட்டிறைச்சியும் பாரும் மட்டும்தான் குறைச்சல். எல்லாம் சரி பிள்ளை என்றேன்.

அதற்குள் மொராக் அம்மா வந்து தொலைபேசியை வாங்கிவிட்டா. எங்கே நிற்கிறாய், ஏன் குரல் அடைத்திருக்கிறது, சாப்பிட்டாயா என்று அந்த விளங்காத ஆங்கிலத்தில் கேள்விகள் வரிசையாக வந்தன. பெடியன் வாய் நிறையப் புட்டோடு எங்களைப் பார்த்தான். கடைசியாக அந்த அம்மா கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்து, உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டா.

கேலம் புட்டை விழுங்கினான். என்னைப் பார்த்தான், வதனியைப் பார்த்தான். பிறகு சொன்ன பதிலை எங்களுடைய தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

"ஆக்கள் இருக்கினம், அம்மா."

வதனி அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள்.